படுத்த படுக்கையா இருக்கறவங்கள நாம பாத்துக்கறோம், நம்மள யாரு பாத்துக்கறது? கேள்வி பதில்

நான் மும்பை செம்பூர். ஸ்ட்ரோக் வந்து படுத்துட்ட மாமியார ஆறு வருஷம் வீட்டுலயே வெச்சு பாத்துக்கிட்டேன், நடுவுல இகத்புரில பத்து நாள் விபஸ்ஸனா தியான கோர்ஸும் பண்ணிருக்கேன். கேட்டவங்க கேள்விய சுருக்கி என் பதிலோட போடறேன்.

அக்கா, அப்பாவுக்கு பார்கின்சன்ஸ். தியானம் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, காலைல அஞ்சுக்கு எழுந்தா படுக்க பதினொன்னு ஆகுது. எப்போ உக்காரறது? (முலுண்ட்)

உக்கார வேணாம்மா இப்போதைக்கு. டயாப்பர் மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவறீங்கல்ல, குழாய திறந்து அந்த தண்ணி கைல படும்போது மூணு மூச்சு, மூக்கு நுனில காத்து உள்ள போறது வெளிய வர்றது, அத மட்டும் கவனிங்க. ஆனாபானன்னு சொல்றது இதுதான். நாளைக்கு பத்து தடவ கை கழுவினா முப்பது மூச்சு ஆச்சு.

அடுத்து தோள். மாமியார ஒருக்களிச்சு படுக்க வைக்கறப்போ என் தோள் காது வரைக்கும் ஏறி நிக்கும், பல்ல வேற கடிச்சிட்டிருப்பேன், ரொம்ப நாள் அது எனக்கே தெரியல. ஒரு நாள் மூச்ச விட்டு தோள எறக்கிட்டு அவங்க இடுப்புல கை வெச்சா விறைச்சிருந்த உடம்பு கொஞ்சம் எளகி கொடுத்துது. அவங்க வீம்புக்கு விறைச்சுக்கறாங்கன்னு நெனச்சு எவ்ளோ நாள் திட்டிருக்கேன், என் கை இறுக்கம்தான் அவங்களுக்கு போயிருக்கு.

புத்தர் இத ஒரு கழைக்கூத்தாடி கதையா சொல்லிருக்கார். மூங்கில் மேல ஏறப்போற சிஷ்யன்கிட்ட குரு, 'நீ என்னைய பாத்துக்கோ, நான் உன்னைய பாத்துக்கறேன்'ங்கறான். சிஷ்யன், 'இல்ல குருவே, நீங்க உங்கள பாத்துக்கோங்க, நான் என்னைய பாத்துக்கறேன், அப்பதான் ரெண்டு பேரும் பத்திரமா எறங்குவோம்'ங்கறான். சிஷ்யன் சொன்னதுதான் சரின்னுட்டு, பொறுமையாவும் அன்பாவும் அடுத்தவங்கள காப்பாத்தறவன் தன்னையும் காப்பாத்திக்கறான்னும் சேர்த்து சொல்றார் புத்தர்.

மேடம், சொல்லவே கூசுது. அம்மா சீக்கிரம் போயிட்டா தேவலன்னு தோணுது. நான் பாவியா? (டோம்பிவிலி)

இல்லவே இல்ல. எனக்கும் வந்திருக்கு, ராத்திரி மூணு மணிக்கு நாலாவது தடவ கூப்பிடும்போது. புத்தர் ரெண்டு அம்புன்னு சொல்லுவார், முதல் அம்பு உங்க களைப்பு, தூக்கமில்லாம வர்றது, அத தடுக்க முடியாது, 'இப்படி நெனச்ச நான் ஒரு ஜென்மமா'ன்னு உங்களையே குத்திக்கறீங்க பாருங்க அது ரெண்டாவது அம்பு. அந்த நெனப்பு வந்தா விரட்டாதீங்க, 'களைப்பு பேசுது'ன்னு மனசுக்குள்ள ஒரு பேர் வைங்க, பாதம் தரைல பட்டிருக்கறத கவனிங்க. ஆனா நாள் பூரா அதே நெனப்புன்னாலோ, உங்களையோ அவங்களையோ ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயமா இருந்தாலோ தியானத்த நம்பி உக்காந்திராதீங்க, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல லைன், காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

நாங்க முருகன் கும்பிடறவங்க. இது மதம் மாறற மாதிரி ஆகாதா? (தாராவி)

ஆகாது தம்பி. மூச்ச கவனிக்கறதுதான், முருகன கும்பிட்டுட்டே பண்ணுங்க.

அம்மா வலில அழுதா நானும் கூடவே அழறேன், அப்புறம் ரெண்டு நாள் எழுந்துக்கவே முடியல. ரொம்ப கருணை இருந்தா இப்படித்தானா? (நெருள்)

கருணை மாதிரியே தெரியும், ஆனா அது சோகத்துல முங்கறது. ஆயிரத்தி ஐநூறு வருஷம் முன்னாடியே புத்தகோசர்ங்கற பிட்சு விசுத்திமக்கங்கற நூல்ல கருணைக்கு பக்கத்துல நிக்கற எதிரி துக்கம்னு எழுதிட்டார். நம்ம காலத்துல தானியா சிங்கர்னு ஒரு நரம்பியல் ஆய்வாளர், மத்தியூ ரிக்கார்ங்கற பிட்சுவோட சேர்ந்து இத ஆராய்ஞ்சிருக்காங்க, அடுத்தவங்க வலிய தானும் வாங்கிக்கறது ஆள சோர வைக்குது, அவங்க நல்லா இருக்கணும்னு நெனக்கற பயிற்சி தெம்பு கொடுக்குதுன்னு பாத்தாங்க. அதனால அம்மா அழும்போது அவங்க கைய புடிச்சுக்கிட்டு 'நான் நல்லா இருக்கணும், அம்மா நல்லா இருக்கணும்'னு மெதுவா சொல்லுங்க. முதல்ல 'நான்'தான், புத்தகோசர் சொல்ற மெத்தா, அதாவது அன்பு தியான முறையே தன்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது, சுயநலம் இல்ல.

பத்து நாள் விபஸ்ஸனா கோர்ஸ் போலாமா? (சயான்)

இந்த கோர்ஸ சொல்லிக்கொடுத்த கோயங்கா 1969ல பர்மால இருந்து வந்து இந்தியால முதல் கோர்ஸ் நடத்தினது இதே பம்பாய்லதான், உடம்பு முடியாத அவங்க அம்மாவ நெனச்சுதான் கெளம்பி வந்தார், நமக்கு அது எவ்ளோ பெரிய விஷயம். போங்க, கட்டணம் கிடையாது. ஆனா பத்தாவது நாள் காலை வரைக்கும் பேச்சு கிடையாது, கோர்ஸ் முடியற வரைக்கும் போன் கிடையாது, நடுவுல கெளம்பக்கூடாது. வீட்டுல நம்பி விட ஆள் இருந்தா மட்டும் போங்க, நோயாளிய பாத்துக்க வர்ற மாவ்ஷிய பத்து நாள் முன்னாடியே வர சொல்லி, மூக்கு வழியா வயித்துக்கு போற ரைல்ஸ் டியூப்ல கஞ்சி விட பழக்கிடுங்க. டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேக்காம போகாதீங்க, நிறுத்தவும் நிறுத்தாதீங்க.

அருவருப்பு போகவே மாட்டேங்குது ஆன்டி, மலம் எடுக்கும்போது குமட்டுது. நான் பாசம் இல்லாதவளா? (அந்தோப் ஹில்)

புத்தர் காலத்துல வயித்துப்போக்குல தன் மலத்துலயே கெடந்த ஒரு பிட்சு, பாத்துக்க ஆளே இல்ல. புத்தர் தண்ணி ஊத்த அவர் சிஷ்யர் ஆனந்தர் தொடச்சு விட்டார், அப்புறம் ஒருத்தர் தலைய ஒருத்தர் கால புடிச்சு தூக்கி கட்டில்ல கெடத்தினாங்க. என்னைய கவனிக்கறதா இருந்தா நோயாளிய கவனிங்கன்னு புத்தர் மத்த பிட்சுங்ககிட்ட சொன்னார். நோயாளிய பாத்துக்கறவருக்கு வேணும்னு அவர் சொன்ன அஞ்சு குணத்துல மலம், மூத்திரம், எச்சில், வாந்திக்கு அருவருக்காம இருக்கறதும் ஒண்ணு. அப்போ அது பழகி வரவேண்டிய ஒண்ணுடா, பாசத்துக்கும் அதுக்கும் முடிச்சு போடாத. குமட்டும்போது தொண்டை எங்க இறுகுதுன்னு மட்டும் பாரு, வரும், கொஞ்சத்துல அடங்கும். மாஸ்க் போட்டுக்கோ, ஜன்னல முதல்லயே திறந்து வெச்சுடு.