தறிக்காரத் தெருவில் மூன்று மொழி

கேள்வி: கல்யாணமாகி சேலம் அம்மாப்பேட்டைக்கு வந்திருக்கிறேன். தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், எதிரே சௌராஷ்டிரம். எல்லோரும் நெசவாளர்கள். இங்கே பருத்தி விளைந்ததால் வந்தவர்களா?

பதில்: பருத்திக்காக யாரும் தறியைப் பிரித்துக்கொண்டு ஊர் மாறவில்லை, அம்மா. பருத்தியை வண்டியில் ஏற்றினால் எந்த ஊருக்கும் போகும். துணிக்குக் காசு கொடுப்பவனைத் தேடித்தான் நெசவாளி நடந்தான். விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர்கள் தெற்கே இறங்கினார்கள். பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிரர்கள் குஜராத் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாக இடம் மாறி வந்தவர்கள். செங்குந்தர்களோ தமிழ் நெசவாளர்கள். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. ஆள வந்த கம்பெனியே துணியும் வாங்கியது. முன்பணத்தைக் கொடுத்துக் கையைக் கட்டிப்போடும் வியாபாரம் அது. அதைப் பொற்காலம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

மொழி எப்படித் தங்கியது என்பதுதான் சுவையான சங்கதி. கைத்தறி ஒற்றை ஆள் வேலை அல்ல. ஒருவர் நெய்தால், தார் (குறுக்கே ஓடும் ஊடை நூல்) சுற்ற ஒருவர், பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்க இன்னொருவர் வேண்டும். வீட்டுக்கு வரும் மருமகளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது. ஆகவே சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்தார்கள். தாய்மொழி அடுப்படியில் நிலைத்தது. கூலி கேட்கவும் நூல் வாங்கவும் தமிழ். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்தே உண்டு; ஆனால் பலருக்கும் எழுதத் தமிழ்தான் வசதி. பழைய நெசவாளர் தெரு நேராக, நீளமாக இருந்தால் அதற்கும் காரணம் உண்டு: பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடத் தெருவே பட்டறை. இப்போது அங்கே இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர்களான தேவாங்கர்களின் சௌடேஸ்வரி அம்மன் பண்டிகையில் கத்தி போட்டு ஆடி வருவார்கள், தவறவிடாதீர்கள்.

கேள்வி: விசைத்தறிக் கூடங்களில் இப்போது வடமாநில இளைஞர்கள். அவர்களும் இப்படியே சேலத்துக்காரர்கள் ஆகிவிடுவார்களா?

பதில்: அன்று வந்தவர்கள் மனைவி, மக்கள், சாமி, தறி எல்லாவற்றோடும் வந்தார்கள். இந்தப் பையன்கள் ஒரு பையோடு வருகிறார்கள். கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் நான்கைந்து பேர். தறி முதலாளியுடையது, சம்பளம் ஊருக்குப் போய்விடுகிறது. குடும்பத்தை அழைத்துவந்து வாடகை கட்டும் அளவுக்குக் கூலி கிடைத்தால் தங்குவார்கள். கேட்க வேண்டியது முதலாளிகளை.