கட்டிலில் கிடப்பவர் ஒருவர், நோயாளிகள் இருவர்

கேள்வி: எனக்கு 54 வயது. குமரி மாவட்டம் கருங்கல் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. ரப்பர் பால்வெட்டும் வேலை செய்துவந்த என் கணவருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. மகன் சவூதியில் இருக்கிறான். மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கைக்குழந்தை. காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. மாத்திரை அட்டையைப் பிரிக்கக்கூட, பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுச் சிறுமியைத்தான் கூப்பிடுகிறேன். வாரம் ஒருமுறை போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சில வாரங்கள் விட்டுவிடுகிறேன். இரத்தப் பரிசோதனைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. வலி தாங்காத நாளில் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். 'மைனிக்குக் கை நோவு எப்பவும் உள்ளதுதானே' என்கிறார் நாத்தனார். போன வாரம் கணவர் மறுபடியும் படுக்கையை நனைத்தபோது கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. 'எனக்கும் முடியவில்லை' என்று சொல்வது பாவமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பாவமில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் உங்கள் இருவருக்கும் ஆபத்தாக முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் நோயாளிகள் இருவர் இருக்கிறார்கள். ஒருவருடைய நோய் கட்டிலில் கிடப்பதால் வருகிறவர்கள் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது; இன்னொருவருடைய நோய் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. முடக்குவாதம் வயதானால் எல்லோருக்கும் வருகிற கைகால் உளைச்சல் அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குவதால் வருகிற நோய் அது. மருந்தை விட்டுவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகக்கூடும். உங்கள் கை நின்றுபோனால் உங்கள் கணவருக்குக் கஞ்சி கொடுக்க அந்த வீட்டில் வேறு கை இல்லை. ஆகவே உங்கள் மாத்திரையையும் இரத்தப் பரிசோதனையையும் அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள். அவருடைய பிசியோதெரபியைத் தள்ளிப்போட உங்களுக்கு மனம் வருமா? இதையும் அப்படியே பாருங்கள்.

முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் போடவேண்டிய மருந்து. விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து இரட்டையாகப் போடுவதோ, வலி அதிகம் என்று அடுத்தடுத்த நாள்களில் போடுவதோ உயிருக்கே ஆபத்தாகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ போய் வந்த பிறகு என்பதுபோல, மறக்க முடியாத ஒரு நாளை அதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதியிருந்தால் அதையும் விடக்கூடாது. இந்த மருந்து கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியது என்பதால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை இல்லாமல், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றில் இரத்தக்கசிவும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், கறுப்பாக மலம் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். விட்ட மருந்தை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வருவதைத் தள்ளிப்போடாதீர்கள். அன்று ஒருநாள் கணவருடன் இருக்கும்படி நாத்தனாரைக் கேளுங்கள். ஒரு முழுப்பகல் அவர் அந்தக் கட்டிலருகே இருந்தால், கை நோவைப் பற்றி நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் புரியாதது அவருக்குத் தானாகவே புரியும்.

அடுத்தது, உங்கள் வீட்டின் நேர ஒழுங்கு. விடிந்ததும் அவரைத் துடைத்து, துணி மாற்றி, படுக்கையை விரித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குப் பழகிப்போன முறை. ஆனால் முடக்குவாதம் உள்ளவருக்கு அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உச்சத்தில் இருப்பது விடியற்காலையில்தான். அந்த விறைப்பு தளர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். உங்கள் கைகள் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். நனைந்த துணியை மட்டும் உடனே மாற்றிவிட்டு, உடம்பு துடைப்பதைப் பத்து, பதினொரு மணிக்குத் தள்ளி வையுங்கள். அதனால் அவருக்கு ஒரு கேடும் வராது. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சிறிது நேரம் வைத்திருந்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். அந்தச் சிறுமியிடம் தினமும் காலையில் கேட்பதற்குப் பதிலாக, ஒருவாரத்துக்கு உரிய தினசரி மாத்திரைகளை ஒரேநாளில் பிரிக்கச் சொல்லி, கிழமை எழுதிய, எளிதில் திறக்கும் டப்பாக்களில் போட்டு வையுங்கள். மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் அவற்றோடு கலக்காமல் தனியாக, வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

நனைந்த விரிப்பைத் துவைத்துப் பிழிகிறீர்களே, அது உங்கள் மணிக்கட்டுக்கும் விரல் கணுக்களுக்கும் செய்கிற தீங்கை வேறு எந்த வீட்டு வேலையும் செய்வதில்லை. போதாததற்கு, இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. பாதி ஆண்டு துணி காய்வதே இல்லை. முழு விரிப்பை நம்பாமல், ரப்பர் ஷீட்டின் மேல் பழைய பருத்தி வேட்டியைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று மடிப்பாக விரியுங்கள். நனைந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்தால் போதும், அலசி, பிழியாமல் அப்படியே கொடியில் போடலாம். உங்கள் கணவரின் இடக்கை நன்றாக இருக்கிறதல்லவா? சிறுநீர் கழிக்கும் பிளாஸ்டிக் குடுவை ஒன்றை வாங்கி அவருடைய இடக்கைக்கு எட்டும்படி மாட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். இரவில் அது சரிப்படாவிட்டால், ஆண்களுக்கு வெளியே உறைபோல மாட்டுகிற சிறுநீர்ப் பையைப் பற்றி நர்சிடம் கேட்கலாம். போன வாரம் அவர் கண் கலங்கியது நீங்கள் கத்தியதால் மட்டும் இருக்காது. மரம் மரமாக நடந்து பால் வெட்டிய மனிதருக்குத் தன் உடம்பு தன் வசத்தில் இல்லாதது எவ்வளவு பெரிய வேதனை! குடுவையைத் தானே பிடித்துக்கொள்ள முடிந்தால் அந்த வேதனையில் கொஞ்சமாவது குறையும்.

புண் வராமல் இருக்கச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். காற்று மெத்தை வாங்கினால் அழுத்தம் குறையும். ஆனால் புரட்டுவதை அறவே விட்டுவிட முடியாது. விரல்களால் பற்றி இழுக்காதீர்கள். அவருக்கு அடியில் உறுதியான ஒரு துணியை விரித்து, அதன் ஓரத்தை உங்கள் முன்கையில் சுற்றிக்கொண்டு, உடலின் எடையைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தால் பாரம் விரல்களில் விழாமல் தோளுக்கும் இடுப்புக்கும் போகும். சுவரை ஒட்டிய கட்டிலின் கால்களுக்குக் கீழே அசையாத மரக்கட்டைகளை வைத்து இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தால் குனிய வேண்டியதில்லை. திறந்த பக்கத்துக்கு மட்டும் ஒரு தடுப்பு வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவதைத் தனியாகச் செய்யவே கூடாது.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதுடன், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக நோய்த்தணிப்பு (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருடைய பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லாவிட்டால் மகளையோ மருமகனையோ அனுப்பிப் பதியச் சொல்லுங்கள். நர்ஸ் வரும்போது அவருடைய முதுகை மட்டும் காட்டாமல் உங்கள் கைகளையும் காட்டுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவருக்கு அடையாள அட்டை பெறுவதற்கும் இப்போதே விண்ணப்பித்துவிடலாம்.

உறவினர்களிடமும் ஊராரிடமும் உதவி கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படுவது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பங்கின் அன்பியக் குழுவினரோ சபையாரோ ஜெபிக்க வரும்போது, 'புதன்கிழமை தோறும் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் இருந்து இவரைப் புரட்டிவிட முடியுமா?' என்று நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் வளர்ந்ததே, அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்கள் பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு முறைபோட்டுப் போனதால்தான். யாரும் அதைப் பிச்சையாக நினைக்கவில்லை.

மகன் போனில் கேட்கும்போது 'இங்க சுகம்தான் மக்கா' என்று சொல்லி முடித்துவிடுவீர்கள் என்று ஊகிக்கிறேன். இனி அப்படிச் சொல்லாதீர்கள். முழுநேர ஹோம் நர்ஸ் வைக்க அவனால் இயலாமல் போகலாம். துடைப்பதற்கும் துவைப்பதற்கும் தினமும் இரண்டு மணி நேரம் வருகிற ஒருவருக்குச் சம்பளம் அனுப்ப முடியுமா என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தங்களால் ஏதாவது செய்ய முடிகிறது என்பதே ஒரு நிம்மதி.

கத்தியதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். அவர் அருகில் உட்கார்ந்து, 'கை நோவு பொறுக்காமல் கத்திவிட்டேன்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவருக்கு எல்லாம் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நோயும் அவருக்குத் தெரியட்டும். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். புதன்கிழமைக்கு ஆள் கிடைத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.