சதாம் உசேன் குவைத்தை ஏன் பிடித்தார்?

மேலப்பாளையத்துப் பெரியவர்கள் சொல்லும் ‘குவைத் சண்டை’ எதனால் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் கடன்தான். ஈரானோடு எட்டு வருடம் மோதி ஓய்ந்த ஈராக், குவைத்துக்குச் சுமார் 1,400 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. தள்ளுபடி கேட்டது, கிடைக்கவில்லை. எல்லையிலுள்ள ருமைலா எண்ணெய் வயலில் குவைத் சாய்வாகத் துளையிட்டு எண்ணெய் திருடுகிறது என்றார் ஈராக் அதிபர் சதாம். சரி, புகார் இருக்கட்டும். அதற்காக 1990 ஆகஸ்ட் 2-ல் படையோடு நுழைந்து, அந்த மாதமே அந்த நாட்டைத் தன் 19-வது மாகாணம் என்று அறிவிப்பதா? சுத்த அடாவடி.

அங்கே வேலை பார்த்த நம்மூர்க்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். குவைத் தினாரை ஈராக் செல்லாக்காசாக்கிவிட்டது. பாக்தாத் வழியாக ஜோர்டான் போய், பாலைவன முகாமில் காத்துக்கிடந்து, அம்மானில் ஏர் இந்தியா ஏறிப் பம்பாயில் இறங்கினார்கள். அப்படித் திரும்பிய இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1991 பிப்ரவரியில் அமெரிக்கா தலைமையிலான பன்னாட்டுக் கூட்டுப்படை ஈராக்கை விரட்டியதும், பலர் மறுபடி குவைத்துக்கே கிளம்பிவிட்டார்கள்.