ரயில் கார்டுல மாட்டிக்கிட்ட மிச்சக் காசு யாரோடது?

கேள்வி: அண்ணா, நாங்க தென்னாப்பிரிக்காவுல, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல மிட்ராண்ட்ல இருக்கோம். அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்து மூணு மாசம் இருந்துட்டு போன வாரம்தான் திருச்சிக்கு கிளம்பினாங்க. ரோஸ்பேங்க்ல இறங்கி மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கு போறதுக்காக அவங்க வாங்கின கௌட்ரெயின் (இங்க ஓடற ரயில்) கார்டு ரெண்டு, தம்பி வந்தப்ப வாங்கினது ஒண்ணு, மூணும் டிராயர்ல கிடக்கு. 61, 38, 14 ரேண்ட்னு மிச்சம் இருக்கு. என்ன பண்றது? டிசம்பர்ல கேப்டவுன் போறோம், அங்கயும் இப்படி ஆகாம இருக்கணும்.

பதில்: தங்கச்சி, அந்தக் காசை போகட்டும்னு விட்டுடாதீங்க, அது உங்க காசு. இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ல வந்த 68-ம் நம்பர் சட்டம், அதுல 63-வது செக்ஷன் முழுக்க ப்ரீபெய்ட் கார்டு, வவுச்சர், கிரெடிட் பத்தித்தான். உள்ள இருக்கிற மதிப்பு தீரலைன்னா குடுத்த தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்கு அது காலாவதி ஆகக்கூடாது, கம்பெனி நினைச்சா அதுக்கு மேல நீட்டிக்கலாமே தவிர குறைக்க முடியாது. அடுத்த உட்பிரிவு இன்னும் நல்லது: செலவாகாத பணம், கார்டு யார் கையில இருக்கோ அவங்க சொத்து. காசு போட்டது அப்பாதான், அவர் இப்ப திருச்சில இருக்கார், ஆனா கார்டு உங்ககிட்ட இருக்கறதால பணமும் உங்களுதுதான். அதுக்காக கேட்டவுடனே ரொக்கமா எண்ணிக் குடுக்கணும்னு அந்த செக்ஷன் சொல்லல, அதனால செலவழிச்சு தீர்க்கறதுதான் சுலபம்.

14 ரேண்ட் கார்டு ரயில் ஸ்டேஷன் கேட்டுல வேலை செய்யாது, அது கார்டு கெட்டுப்போனதால இல்ல. நீங்க உள்ள போறப்ப எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்கன்னு அந்த கேட்டுக்கு தெரியாது, அதனால குறைஞ்சபட்சம் இவ்வளவு இருந்தாத்தான் உள்ள விடும், வெளிய வர்றப்பதான் கணக்கு பார்த்து கழிக்கும். இந்த மாதிரி தட்டிப்போற கார்டு எல்லாத்துலயும் கொஞ்சம் காசு தங்கிப்போறதுக்கு இதான் காரணம், கடைசி ரேண்ட் வரைக்கும் ட்ரெயின்லயே தீர்க்கறது கஷ்டம். மூணையும் சேர்த்து ஒரே பயணத்துக்கு குடுக்கவும் முடியாது.

அதனால சின்ன செலவுக்கு திருப்பி விடுங்க. ஸ்டேஷன் பார்க்கிங்குக்கும் கௌட்ரெயின் பஸ்ஸுக்கும் அதே கார்டுதான், அந்த பஸ்ல ரொக்கம் வாங்க மாட்டாங்க. 38-ஐயும் 14-ஐயும், பத்தலைன்னா கொஞ்சம் போட்டு, அங்க கரைங்க. 61-ஐ நீங்களே ட்ரெயினுக்கு வச்சுக்கிட்டு, பத்தாத தொகையை மட்டும் போட்டு பீக் டைம் இல்லாத நேரத்துல போனீங்கன்னா கட்டணமும் குறைவு. அடுத்த விருந்தாளி வர்ற வரைக்கும் வைக்கறதா இருந்தா வாங்கின தேதியை மார்க்கர்ல கார்டு மேலயே எழுதிடுங்க, மூணு வருஷக் கணக்கு அங்கேர்ந்துதான் ஓடுது.

அப்பா அம்மா அடுத்த தடவை வந்தா கார்டே வாங்க வேண்டாம், காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டை கேட்டுலயே தட்டிடலாம், மிச்சம்ங்கிற பேச்சே இல்ல. ஆளுக்கு ஒரு கார்டு வேணும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை, நான் கார்டு பேமெண்ட் சாஃப்ட்வேர்லயே வேலை செய்யறதால சொல்றேன்: போறப்ப பிளாஸ்டிக் கார்டைத் தட்டிட்டு வர்றப்ப போனைத் தட்டாதீங்க. ரெண்டும் ஒரே அக்கவுண்ட்டா இருந்தாலும் போன்ல இருக்கறது வேற நம்பர், மெஷினுக்கு அது வேற ஆள். உள்ள போனவர் வெளிய வரல, வெளிய வந்தவர் உள்ளயே போகலன்னு ரெண்டு அரைகுறை பயணமா பதிவாகும். எங்க டீம் பையன் ஒருத்தன் இப்படி மாத்தி தட்டிட்டு ஸ்டேட்மெண்ட்டை வச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் பூரா முழிச்சான்.

கேப்டவுன்ல மைசிட்டி பஸ், அதுக்கு மைகனெக்ட்னு ஒரு தட்டற கார்டு; போறதுக்கு முன்னாடி முறை ஏதாவது மாறியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. அதுல ஸ்டாண்டர்ட்னு பணமாவும் போடலாம், மூவர்னு பாயிண்ட்டாவும் போடலாம். மூவர்ல கட்டணம் குறைவுங்கறதால எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க, தினம் ஆபீஸ் போறவங்களுக்கு அது சரி, ஆனா பாயிண்ட் ஆயிட்டா பஸ் பயணத்துக்கு மட்டும்தான். நாலு நாள் சுத்திப்பார்க்க போறவங்க எத்தனை தடவை ஏறுவோம்னு முதல்ல எண்ணிட்டு அந்த அளவுக்கு மட்டும் போடுங்க, குறைஞ்சா மறுபடி போட்டுக்கலாம். இறங்கறப்ப தட்ட மறந்துடாதீங்க, குழந்தைங்களையும் பையையும் பார்க்கிற அவசரத்துல அங்கதான் நிறைய பேருக்கு காசு போகுது.