கணவர் பெயர் என்ற கட்டத்தில் யார் பெயரையும் எழுதாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 33. நானும் என் தோழியும் பாளையங்கோட்டையில் சில வருடங்களாகக் குடும்பமாக வாழ்கிறோம். எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும். தனியார் மையங்களில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனை ஒன்றில் கருத்தரிப்புச் சிகிச்சைக்குச் சீட்டு கேட்டோம். "ஐயா எங்கே, கல்யாண சர்டிபிகேட் எங்கே" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த தம்பதிக்கு உடனே சீட்டு கிடைத்தது. அவளுடைய கருமுட்டையை நான் சுமக்க ஆசைப்படுகிறோம். நண்பர் ஒருவர் என்னைப் பெயருக்குப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளத் தயாராக இருக்கிறார். அப்படிச் செய்யலாமா, இல்லை மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா? அம்பாசமுத்திரத்தில் உள்ள பூர்வீக வீட்டுக்காக அண்ணன் போட்ட பாகப்பிரிவினை வழக்கும் நடக்கிறது.

பதில்: அந்த வரிசையில் உங்களுக்கு நடந்தது அவமானம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். சீட்டு கேட்டது நீங்கள் ஒருவரா, நீங்கள் இருவருமா?

இருவருமாகக் கேட்டிருந்தால் வழி இல்லை. 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் தம்பதி என்று சொல்வது திருமணமான தம்பதியை. ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 17.10.2023 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன 'தேர்ந்தெடுத்த குடும்பம்' தீர்ப்பைக் காட்டி நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அது, பெற்றவர்கள் அடைத்து வைத்த ஒரு பெண்ணை மீட்ட ஆட்கொணர்வு வழக்கு. சிகிச்சைக்கோ பெற்றோர் உரிமைக்கோ அதிலிருந்து நேராக எதையும் எடுக்க முடியாது.

நீங்கள் ஒருவராகக் கேட்டால் கதை வேறு. அதே சட்டம் தம்பதியைத் தவிர 'பெண்' என்று தனியாகவும் சொல்கிறது. 21 வயதுக்கு மேல், 50 வயதுக்குக் கீழ் இருந்தால் போதும். கல்யாணமாகியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் மருத்துவமனையில் ஒரு ஜோடி சேர்ந்து போகலாம், நீங்கள் மட்டும் தனி ஆளாகத்தான் போக வேண்டும் என்பது அநியாயம். அந்த அநியாயத்தை உங்கள் ஒரு வழக்கில் தீர்க்க முடியாது. அது தீரும்வரை உங்கள் வயது காத்திருக்காது.

அதனால் டீன் பெயருக்கு, திருமணமாகாத பெண் என்று உண்மையை எழுதி மனுக் கொடுங்கள். தபால் பிரிவில் நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீங்கள் போடும் ரிட் மனு நிற்கும். இல்லாவிட்டால் "நாங்கள் மறுக்கவே இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இனி அந்த நண்பர் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

பெயருக்கு ஒரு கல்யாணம், ஆறு மாதத்தில் ரத்து என்று நினைத்துக்கொண்டு சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருவர். மாலையும் கழுத்துமாக நின்று எடுத்த போட்டோ, சாட்சிக் கையெழுத்து, சம்மதப் படிவத்தில் கணவர் என்ற கட்டத்தில் நண்பரின் கையெழுத்து, பிறப்புச் சான்றில் அப்பா பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நண்பரும் நல்லவர்தான். ஆனால் அவருடைய அம்மா பேரனைப் பார்த்துவிட்டார். அப்புறம் அந்த நண்பரால் தன் வீட்டை மீறி நிற்க முடியவில்லை.

சட்டம் அந்தப் பாட்டி பக்கம்தான் சாயும். செல்லுபடியாகும் திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்பது சாட்சியச் சட்டப்படி முடிந்த முடிவு. பழைய சட்டத்தில் பிரிவு 112, புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 116. கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது உடையும். அதை நிரூபிக்கப் போனால் கல்யாணமே நாடகம் என்று நீங்களே கோர்ட்டில் சொல்ல வேண்டிவரும். அரசுச் சலுகைக்காகப் பொய் சொன்னீர்களா என்ற கேள்வியும் கூடவே எழும். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்திலோ முதல் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா. உங்கள் தோழியின் பெயர் இந்தக் கணக்கில் எங்குமே வராது. கல்யாணமே செய்யாமல் பொய்ச் சான்று கொடுத்தால் அது நேரடியாகக் குற்ற வழக்கு. இரண்டுமே வேண்டாம்.

அவளுடைய கருமுட்டை, உங்கள் வயிறு என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இன்னொரு பெண்ணுக்காகக் கருமுட்டை தருபவரை இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் தானம் செய்தவர் என்றுதான் பார்க்கிறது. தானம் செய்தவர் குழந்தை மீதான பெற்றோர் உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 31. பாசத்தில் அவள் போடும் கையெழுத்தே, நாளை "நீ யார்" என்று அவளைக் கேட்பவர்களின் முதல் ஆவணமாகிவிடும். உங்கள் கருமுட்டையிலேயே போங்கள்.

குழந்தை பிறந்த பிறகு தோழிக்குத் தத்துப் பத்திரம் எழுதலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தத்துக் கொடுத்தால் பெற்றவளின் உறவு சட்டப்படி அறுந்துவிடும். இருவரும் சேர்ந்து அம்மாக்களாக இருக்கத் தத்துச் சட்டத்தில் இடமே இல்லை.

இருக்கிற ஒரே நல்ல வழி உயில். கல்யாணமாகாத இந்துத் தாய் தன் குழந்தைக்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம். அதே 1956ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 9(4). பிறப்புச் சான்று வந்த வாரமே தோழியைக் காப்பாளராக நியமித்து எழுதிப் பதிவு செய்யுங்கள். அவளும் தன் சொத்தைக் குழந்தைக்கு உயிலாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவளிடமிருந்து குழந்தைக்கு ஒரு சென்ட் நிலம்கூட வராது.

இந்த உயிலை நாளைக்கு எதிர்க்கப் போவது யார் என்று யோசித்தீர்களா? உங்கள் அண்ணன்தான். நம் ஊரில் மொட்டை போடவும் காது குத்தவும் தாய்மாமன் மடிதான் வேண்டும். அப்பா இல்லாத குழந்தைக்குத் தாய்மாமன் வந்து நின்றால் ஊரும் அவர் பக்கம் நிற்கும், மாவட்ட நீதிமன்றமும் அவர் சொல்வதைக் கேட்கும். உயில் இருந்தாலும் குழந்தையின் நலன் எது என்று நீதிபதி பார்ப்பார். அப்போது அண்ணன் சொல்லப் போகும் ஒவ்வொரு வார்த்தையையும் இப்போது இந்த வீட்டு வழக்கில் நீங்கள் சண்டை போட்டுச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குச் சம பங்கு உண்டு, நீங்கள் ஜெயிக்கலாம். ஆனாலும் சமரசமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். தெருப்பக்கத்துப் பாதி அவருக்கு, பின்கட்டு உங்களுக்கு என்றாலும் சம்மதியுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் ராஜிப் பத்திரம் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். டீனுக்கு மனுக் கொடுப்பதற்கு முன்பே, அடுத்த வாய்தாவிலேயே உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.