வாசகர் கேள்வி – பதில்: வாழ்த்து அட்டைக்கு வாட்டர்கலர் பின்னணி

கெட்டியான வெள்ளை அட்டையில்தான் கலர் பூசினேன். காய்ந்ததும் நான்கு மூலையும் தூக்கிக்கொண்டது. நடுவில் தேய்த்த இடம் திரிதிரியாக உரிந்தும் வந்தது. ஏன்?
– வாசகி, ஈரோடு

அட்டை கெட்டியாக இருப்பது வேறு, தண்ணீரைத் தாங்குவது வேறு. வாட்டர்கலர் தாளில் ஜெலட்டினோ வேறு பசையோ ஏற்றியிருப்பதால் ஈரம் சிறிது நேரம் மேலேயே நிற்கும். சாதாரண அட்டை ஈரத்தை உடனே குடித்துவிடும். நனைந்த பக்கத்து நார்கள் உப்பி, காயும்போது சுருங்க, மறுபக்கம் அப்படியே இருப்பதால் வளைவு வருகிறது. ஊறிய நாரின் மேல் பிரஷ் மறுபடி மறுபடி போனால் உரியத்தான் செய்யும்.

அதனால் அட்டையின் மேல் நேரடியாகப் பூச வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, லேசாகச் சொரசொரப்பான கோல்ட் பிரெஸ் (cold press) வாட்டர்கலர் தாளில் தனியாகப் பூசி, வெட்டி ஒட்டுங்கள். ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி மடித்தால் 10.5 × 14.8 செ.மீ. கார்டு கிடைக்கும். அதன் மேல் 9.5 × 13.8 செ.மீ. துண்டு ஒட்டினால் சுற்றிலும் அரை செ.மீ. வெள்ளை விளிம்பு நிற்கும்.

பூசும்முன் தாளின் நான்கு ஓரத்தையும் பிளாஸ்டிக் பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். டேப்பை முதலில் துணியில் ஓரிரு முறை ஒட்டி எடுத்தால் பிசின் குறைந்து, பிரிக்கும்போது தாளைக் கிழிக்காது. முழுக்கக் காய்ந்தபின்தான் பிரிக்க வேண்டும். பிறகும் கொஞ்சம் வளைந்திருந்தால் பின்பக்கம் லேசாக நீர் தெளித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு விடுங்கள். ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப்பே போதும். தண்ணிப் பசை மறுபடி வளைக்கும்.

பொங்கல் வாழ்த்துக்காக விடியல் வானம்: கீழே மஞ்சள், மேலே ஊதா. இரண்டும் சேரும் இடம் சேறாகிவிடுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். கலந்தால் ஒன்றையொன்று மங்கடித்துப் பழுப்பாகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கலரானாலும் இதுதான் கதி. நடுவில் ஆரஞ்சும் ரோஸும் விடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், ஊதா என்று வரிசையாகப் போனால் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் மட்டுமே கலக்கும்.

முதலில் சுத்தமான தண்ணீரைத் தாள் முழுக்கப் பூசி, அரை நிமிடம் விட்டு, மறுபடி பூசுங்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு ஒரே சீராகத் தெரிய வேண்டும். குட்டை கட்டிய இடத்தைப் பிழிந்த பிரஷால் ஒற்றி எடுங்கள். கலர் பால் பதத்தில் இருக்கட்டும். காய்ந்தால் வெளுக்கும் என்பதால் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே கரையுங்கள். கீழிருந்து மஞ்சளில் தொடங்கி மேலே போங்கள். பிரஷ் கழுவ ஒரு டம்ளர், கலர் கரைக்க ஒரு டம்ளர் என்று இரண்டு வேண்டும்.

பூசியபின் பலகையை இப்படியும் அப்படியும் சாய்த்து நிறங்களை ஓடவிட்டு, அதோடு கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷை வைத்தால், புதுத் தண்ணீர் கலரை வெளியே தள்ளி, காலிஃபிளவர் எனப்படும் ஓரம் சுருண்ட கறையை உண்டாக்கும். திருத்தவேண்டுமென்றால் முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனைத்துப் பூசுங்கள்.

உப்புத் தூவினால் நட்சத்திர வடிவம் வரும் என்றார்கள். எனக்கு வெறும் உப்புதான் ஒட்டியிருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

நேரம் தப்பியிருக்கிறது. பளபளப்பு மங்கத் தொடங்கும் நொடியில் தூவ வேண்டும். முன்னதாகப் போட்டால் உப்புக் கரைந்துவிடும். பிந்தினால் இழுக்க ஈரம் இருக்காது. தூள் உப்பு சிறு புள்ளிகளையும் கல் உப்பு பெரிய வடிவங்களையும் தரும். கல்லுக்குக் கல் இடைவெளி விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், தானாகவே காயட்டும். மழைநாளில் இதைத் தள்ளிப்போடுவது உத்தமம். காய்ந்ததும் உப்பை முழுக்கத் தட்டி எடுங்கள். மிஞ்சினால் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பின்னணியின் மேல் எழுதினால் மை பரவுகிறதே?
– வாசகர், மதுரை

புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். வாட்டர்ப்ரூஃப் பிக்மென்ட் மைப் பேனா பரவாது. வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் பூசுவதற்கு முன்பே வெள்ளை கிரேயானால் அழுத்தி எழுதிவிடுங்கள். மெழுகில் கலர் ஒட்டாது. ஆனால் அதன்மேல் பேனாவும் ஓடாது.

நாற்பது கார்டு வேண்டும். சுருக்கு வழி உண்டா?
– வாசகி, கோவை

துண்டு துண்டாகப் பூசாதீர்கள். ஏ4 வாட்டர்கலர் தாள் முழுவதையும் ஒரே வாஷாக (நீர்த்த கலரின் ஒரே பூச்சாக) பூசி, காய்ந்தபின் வெட்டுங்கள். டேப்புக்குச் சுற்றிலும் 1 செ.மீ. போக, மேலே சொன்ன அளவில் நான்கு துண்டு கிடைக்கும். பத்துத் தாள் போதும். துண்டுக்குத் துண்டு நிறம் மாறத்தான் செய்யும், கையால் செய்த கார்டுக்கு அதுதான் அழகு. எல்லாம் ஒன்றுபோல வேண்டுமானால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும்.