தண்ணீர் குடித்த நாய்

கேள்வி: எங்கள் கறவைப் பசுவின் பின்னங்காலை நேற்று மாலை ஒரு தெருநாய் கடித்துவிட்டது. கடித்த பிறகு அது மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்கு மிரளாத நாய்க்கு வெறி இருக்காது என்கிறார் என் மாமியார். சரிதானா? பாலைக் குடிக்கலாமா?
- வாசகி, மணப்பாறை

பதில்: காயத்தைக் கழுவவில்லையென்றால், கையுறை அணிந்து, சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மேலே படியுங்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருப்பதால் சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் அந்த வேலை தெரியாது.

தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் கண்ட மனிதரிடம் காணப்படும் அறிகுறி. வெறி பிடித்த நாய் தண்ணீரைத் தேடிப் போவதும் உண்டு. தொண்டைத் தசைகள் செயலிழந்த பிறகுதான் அதனால் விழுங்க முடிவதில்லை. ஆகவே உங்கள் மாமியாரின் சோதனையை நம்ப வேண்டாம். அந்த நாய் கண்ணில் படும் நாயாக இருந்தால், நெருங்காமல் 10 நாள் கவனியுங்கள். அதன் பிறகும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அதுவரை தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் கால்நடை மருத்துவர் பசுவுக்கு ஊசி போடுவார்.

நலமாக உள்ள பசுவின் பாலைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். நோய்க்குறி தோன்றினால் பால் வேண்டாம். அதற்கு முன் காய்ச்சிக் குடித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், மாட்டுக்கு வரும் வெறி பெரும்பாலும் வெறியாகத் தெரிவதில்லை. கடிபட்டுச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அது தீனி எடுக்காமல் நிற்கும்; குரல் கம்ம ஓயாமல் கத்தும், அதைக் கேட்டுக் காளைக்குக் கத்துகிறது என்று சினை ஊசிக்கு ஆள் அழைத்தவர்களும் உண்டு. எச்சில் ஒழுகினால் கோமாரி என்பார்கள். விழுங்கத் திணறினால் கிழங்கோ கொட்டையோ தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, ஏனெனில் நரம்பு வழியே மூளையை அடைந்த வைரஸ் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கிவிடுகிறது. அப்படிக் கையை விட்டவர், கீறல் எதுவும் தெரியாவிட்டாலும், அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.